போனைப் படிப்பவர்கள்

கைபேசி ஆலையில் மூடி பொருத்தி, திரையைத் தொட்டுச் சோதித்து முடிந்த கருவிக்குள் 15 இலக்க எண் ஒன்றைப் பதிவார்கள். ஐஎம்இஐ என்று பெயர். உலகத்தில் வேறெந்தப் போனுக்கும் அந்த எண் இருக்கக் கூடாது. பெட்டியின் ஓரத்தில் ஒட்டும் ஸ்டிக்கரிலும் அதுதான் இருக்கும். வாங்குகிறவர் பெட்டியைப் பரணில் போட்டுவிட்டு எண்ணை மறந்துவிடுவார். போன் தொலைந்தாலோ, போலீஸ் வாசலுக்கு வந்தாலோதான் அதற்கு மறுபடி உயிர் வரும்.

ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் நடுவே ஏரிப் பாசன ஊராக இருந்த பிள்ளைப்பாக்கம் இப்போது சிப்காட் பேட்டையின் பெயரால் அறியப்படுகிறது. கைபேசித் திரைக்கான கண்ணாடியைச் செய்துமுடிக்க கார்னிங்கும் ஆப்டிமஸும் கூட்டாக அறிவித்த 1,003 கோடி ரூபாய் ஆலைக்குத் தேர்வான இடம் இதுதான். சுற்றுவட்டாரமோ 2006 முதல் போன் செய்துவருகிறது. செய்யும் தொழிலைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. செய்த போனைப் பிறகொரு நாள் மேசைமேல் வைத்து, அதில் என்ன பேசினார்கள், எதை அழித்தார்கள், யாருக்கு ஃபார்வர்டு செய்தார்கள் என்று படிக்கும் தொழிலும் ஒன்று உண்டு. அதன் முன்கதை இதே ஸ்ரீபெரும்புதூரில் இருக்கிறது.

1991 மே 21 இரவு பத்தேகால் தாண்டி, ஸ்ரீபெரும்புதூர் தேர்தல் கூட்டத் திடலில் குண்டு வெடித்தது. ராஜீவ் காந்தியோடு இறந்தவர்களில், சதிகாரர்கள் படமெடுக்க அமர்த்தியிருந்த ஹரிபாபு என்ற இளம் புகைப்படக்காரரும் ஒருவர். அவர் உடலோடு கிடந்த கேமரா உடையவில்லை. உள்ளேயிருந்த சுருளைக் கழுவியபோது பத்துப் படங்கள் கிடைத்தன. சந்தன மாலையோடு காத்திருக்கும் பெண், பத்திரிகைக்காரர் போலக் குறிப்பேட்டோடு நிற்கும் வெள்ளை குர்த்தா ஆள் என்று கொலைச் சதியின் முகங்கள் அதில் வரிசையாக இருந்தன. டி.ஆர். கார்த்திகேயன் தலைமையிலான சிபிஐ சிறப்புப் புலனாய்வுக் குழு பிடித்துக்கொண்டு போன நூல் அந்தச் சுருள். தமிழ்நாடு தடய அறிவியல் துறையின் இயக்குநராக இருந்த பி. சந்திரசேகரன், சிதறிய துணியையும் கம்பியையும் சேர்த்து, குண்டு இடுப்புப் பட்டையில் இருந்ததை நிறுவினார்.

படம் எடுத்தவர் தனக்கு எதிரான சாட்சியத்தைத் தானே சேகரித்துக்கொண்டிருந்தார் என்பதுதான் அந்த வழக்கின் விசித்திரம். அன்று அது அபூர்வம். பையில் கேமராவும் வாயில் செய்தியுமாக எல்லோரும் அலையும் காலம் வர இன்னும் இருபது ஆண்டுகள் இருந்தன.

அந்தச் சுருளைப் படித்த சென்னைக்கு இதில் பழைய பரிச்சயம் உண்டு. விஷம் குடித்து இறந்தவர்களின் குடலைச் சோதிக்க 1849-இல் மதராஸில் தொடங்கிய இரசாயனப் பரிசோதகர் ஆய்வுக்கூடம்தான் இந்தியாவின் முதல் தடய ஆய்வுக்கூடம். மயிலாப்பூரில் இயங்கும் இன்றைய துறை அந்த மரபில் வந்தது. விஷம், இரத்தம், கையெழுத்து, தோட்டா என்று ஒவ்வொரு காலத்துக்கும் ஒரு பிரிவு சேர்ந்தது. கணினியும் கைபேசியும் கடைசியாக வந்தவை. முந்தைய பிரிவுகளுக்கு வேண்டிய கருவிகளை விஞ்ஞானிகள் செய்து கொடுத்தார்கள். கைபேசிக்கு மட்டும் கதை வேறு. அதன் முதல் கருவிகள் கடைத்தெருவிலிருந்து வந்தன.

நோக்கியா 2006 தொடக்கத்தில் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தியைத் தொடங்கியது. பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் முடித்த பெண்கள் சீருடை போட்டுக் கம்பெனி பஸ் ஏறினார்கள். அவர்கள் செய்த எளிய போன்களில் பேச்சும் எஸ்எம்எஸ்ஸும்தான் இருந்தன. ஒரு குறுஞ்செய்திக்கு 160 எழுத்து இடம், தமிழில் அடித்தால் 70. செய்தியை சிம் அட்டையிலேயே சேமிக்கலாம். பல போன்களில் அந்தச் செய்தியை ‘அழி’ என்றதும் வரிசையின் முதல் பைட் மட்டும் ‘காலி’ என்று மாறும். செய்தி அங்கேயே கிடக்கும், அடுத்த செய்தி வந்து அதன்மேல் எழுதும்வரை. சிலேட்டைத் துடைக்காமல், துடைத்துவிட்டதாக ஒரு மூலையில் குறித்து வைப்பதைப் போன்றது இது. சிம் அட்டையை ஒரு ரீடரில் செருகி, அந்தக் ‘காலி’ இடங்களையும் வாசிப்பதே இந்தத் தொழிலின் முதல் பாடமாக இருந்தது.

போனின் சொந்த நினைவகத்தைப் படிப்பது அவ்வளவு எளிதாக இல்லை. ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு கேபிள், ஒரு முறை. அதற்கு வழி தெரிந்தவர்கள் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி ஸ்ட்ரீட் போன்ற இடங்களில் உட்கார்ந்திருந்தார்கள். செத்த போனை எழுப்பவும், பூட்டிய போனைத் திறக்கவும், மென்பொருளை மறுபடி ஏற்றவும் பழுதுபார்ப்பவர்கள் ‘ஃப்ளாஷர் பாக்ஸ்’ என்ற சிறு பெட்டிகளை வைத்திருந்தார்கள். நினைவகத்தில் எழுதத் தெரிந்த பெட்டிக்கு அதை அப்படியே பிரதி எடுக்கவும் தெரியும். உலகெங்கும் தடயவியல் ஆட்கள் முதலில் கையில் எடுத்தவற்றில் இந்தப் பெட்டிகளும் உண்டு. நெதர்லாந்து தடயவியல் நிறுவன ஆய்வாளர்கள் 2007-இல் ஃப்ளாஷ் நினைவகத்திலிருந்து தரவு மீட்பது பற்றி எழுதியபோது, இந்தப் பெட்டிகளையும் சிப்பையே கழற்றிப் படிப்பதையும் ஒரே வரிசையில் வைத்துப் பேசினார்கள்.

காவல் துறைகள் இன்று பெரிதாக நம்பும் செலபிரைட் கருவிக்கும் கடை வாசனை உண்டு. 1999-இல் இஸ்ரேலில் தொடங்கிய அந்தக் கம்பெனியின் முதல் வாடிக்கையாளர்கள் போன் விற்பவர்கள். பழைய போனிலிருந்த நம்பர்களைப் புதிய போனுக்கு மாற்றிக்கொடுக்கும் இயந்திரத்தை அவர்களுக்கு விற்றது. நம்பரை மாற்றும் இயந்திரத்தால் நம்பரை எடுத்து வைத்துக்கொள்ளவும் முடியும் என்று உணர்ந்த பிறகு, 2007 வாக்கில் போலீஸுக்கான பதிப்பு வந்தது. இந்தியாவில் திருவனந்தபுரத்தின் சி-டாக் மையம் கைபேசிக்கும் சிம் அட்டைக்கும் உள்நாட்டிலேயே ஆய்வு மென்பொருள் எழுதியது.

அந்த ஃப்ளாஷர் பெட்டிகளால் ஐஎம்இஐ எண்ணை மாற்றவும் முடிந்தது என்பது கதையின் மறுபக்கம். எண்ணே இல்லாமலும், ஆயிரம் போனுக்கு ஒரே எண்ணோடும் மலிவுப் போன்கள் சந்தையில் குவிந்தன. மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு இந்திய அரசு கெடு வைத்தது. முறையான ஐஎம்இஐ இல்லாத போன்களுக்கு 2009 டிசம்பர் 1 முதல் இணைப்பு துண்டிக்கப்பட்டது.

சமூக ஊடகக் குற்றம் கைபேசிக்குள் புகுமுன்பே சென்னை நீதிமன்றத்துக்கு வந்துவிட்டது. 2004-இல் ஒரு பெண்ணின் பெயரில் போலி மின்னஞ்சல் முகவரி தொடங்கி, யாஹூ குழுக்களில் அவரைப் பற்றி ஆபாசமாக எழுதி, அவருடைய தொலைபேசி எண்ணையும் போட்டிருந்தான் ஒருவன். அவருக்கு வரிசையாகத் தொந்தரவு அழைப்புகள் வந்தன. பிப்ரவரியில் புகார். ஐபி முகவரியைத் தொடர்ந்து போன சைபர் குற்றப் பிரிவு மும்பையில் ஆளைப் பிடித்தது. இணைய மையம் நடத்தியவர்கள் சாட்சி சொன்னார்கள். திரையில் இருந்ததைத் தாளில் எடுத்து, இதை இன்ன நாளில் இன்ன முறையில் எடுத்தேன் என்று இந்திய சாட்சியச் சட்டம் 65பி பிரிவின் கீழ் சான்றிதழ் கொடுத்து, கூண்டிலும் ஏறினார் நாவி என்று அறியப்படும் சைபர் சட்ட வல்லுநர் நா. விஜயசங்கர். நவம்பர் 5 அன்று எழும்பூர் நீதிமன்றம் தண்டனை வழங்கியது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-ஆம் பிரிவில் இந்தியாவிலேயே கிடைத்த முதல் தண்டனை அது.

‘எப்படி எடுத்தாய்?’ என்ற கேள்வி அன்றே கேட்கப்பட்டுவிட்டது. பின்னால் வந்த வழக்குகள் எல்லாம் அந்தக் கேள்வியைச் சுற்றித்தான் சுழன்றன.

ஸ்மார்ட்போன் வந்ததும் படிப்பவர்களுக்குப் பொற்காலம் பிறந்தது. ஐக்கிய அரபு அமீரகத்தின் சயீத் பல்கலைக்கழகத்தில் நூரா அல் முத்தாவா, இப்ராஹிம் பக்கிலி, ஆண்ட்ரூ மாரிங்டன் மூவரும் செய்த சோதனை 2012-இல் வெளியானது. ஃபேஸ்புக், ட்விட்டர், மைஸ்பேஸ் மூன்றையும் பிளாக்பெர்ரி, ஐபோன், ஆண்ட்ராய்டு போன்களில் ஏற்றி, சாதாரண ஆள் போலப் பயன்படுத்திவிட்டுப் பிறகு பிரதி எடுத்துத் தேடினார்கள். பிளாக்பெர்ரியில் ஒன்றும் சிக்கவில்லை. மற்ற இரண்டிலும் ஏராளமாகக் கிடைத்தது. ஒரே செயலி ஒரு போனில் வாய் மூடி இருக்கிறது, இன்னொன்றில் எல்லாவற்றையும் கொட்டுகிறது என்பது அந்தத் துறைக்குப் பெரிய பாடம். கோசிமோ ஆங்லானோ என்ற இத்தாலிய ஆய்வாளர் 2014-இல் வாட்ஸ்ஆப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, அதன் எந்தக் கோப்பில் எது இருக்கும், இரண்டு கோப்புகளை ஒப்பிட்டால் எந்த நிகழ்ச்சி தெரியும் என்று வரைபடமே போட்டுக் கொடுத்தார்.

வாட்ஸ்ஆப் உட்படப் பல செயலிகள் தங்கள் செய்திகளை எஸ்க்யூலைட் என்ற சிறு தரவுத்தளத்தில் வைக்கின்றன. ரிச்சர்ட் ஹிப் என்ற அமெரிக்கர் 2000-இல் எழுதிப் பொதுவுக்கு விட்ட மென்பொருள் அது. அழிக்கும் விஷயத்தில் அதுவும் பழைய சிம் அட்டையின் தங்கைதான். ஒரு வரியை நீக்கினால் அந்த இடத்தைக் ‘காலி’ என்று குறித்துவிட்டுச் சும்மா இருக்கும். புதிதாக எழுதுவதை முதலில் பக்கத்திலுள்ள இன்னொரு கோப்பில் குறித்துக்கொண்டு, பிறகுதான் பேரேட்டில் ஏற்றும். அந்தக் குறிப்புக் கோப்பிலும் பழையது தங்கும். இரண்டுமே கைவிட்டாலும் வரிசை எண் காட்டிக்கொடுக்கும். 4101, 4102, அடுத்து 4104 என்றால், பில் புத்தகத்தில் ஒரு தாள் கிழிக்கப்பட்டதைக் கணக்குப்பிள்ளை கண்டுபிடிப்பது போலத்தான். என்ன எழுதியிருந்தது என்று தெரியாது. எழுதியிருந்தது என்று தெரியும். படம், வீடியோ என்றால் அதன் கைரேகை போன்ற ஹாஷ் மதிப்பும் தரவுத்தளத்தில் பதிவாகும். ஒரே வீடியோ எத்தனை போன்களில் இருந்தது என்று ஒப்பிட்டுச் சொல்ல அது உதவும்.

வாட்ஸ்ஆப் அன்று பாதுகாப்பிலும் அசட்டையாக இருந்தது. ஆண்ட்ராய்டு போனின் மெமரி கார்டில் எடுத்து வைத்த பேக்கப் கோப்பைப் பூட்டிவிட்டு, உலகத்துப் போன்கள் அனைத்துக்கும் ஒரே சாவியைக் கொடுத்திருந்தது. அந்தச் சாவி வெளியே வந்ததும் பூட்டு வெறும் அலங்காரம் ஆனது.

பொற்காலம் சீக்கிரம் முடிந்தது. ஆப்பிள் 2014-இல் போனின் உள்ளடக்கத்தைக் கடவுக்குறியோடு இறுக்கமாகக் கட்டியது. ஆண்ட்ராய்டும் பின்தொடர்ந்தது. 2016 ஏப்ரலில் வாட்ஸ்ஆப் இருமுனைக் குறியாக்கத்தை எல்லோருக்கும் கொடுத்தது. வழியில் ஒட்டுக்கேட்டுப் பயனில்லை என்றானதும் விசாரணையின் முழுப் பாரமும் கையில் இருக்கும் கருவியின் மேல் விழுந்தது. போனைப் பறித்தவுடன் என்ன செய்கிறோம் என்பதே வழக்கின் தலையெழுத்தாயிற்று. ஒருமுறை திறந்து பிறகு பூட்டிய போனில் சாவிகள் நினைவகத்தில் விழித்திருக்கும், படிக்கக் கொஞ்சம் வழி இருக்கும். பதறிப்போய் அணைத்துவிட்டால் அதுவும் அடைபடும். வலைத்தொடர்பை விட்டுவைத்தாலோ தூரத்திலிருந்து யாராவது துடைத்துவிடலாம். அலை புகாத ஃபாரடே பையில் போடுவதும் ஃப்ளைட் மோடுக்கு மாற்றுவதும் அதனால்தான்.

கருவிக்குள் நுழைய முடியாதபோது, செய்தி எங்கே தொடங்கியது என்பதையாவது கம்பெனி சொல்லட்டும் என்ற வாதம் சென்னை உயர் நீதிமன்றத்தில் சூடு பிடித்தது. சமூக ஊடகக் கணக்குகளை ஆதாரோடு இணைக்கக் கோரி 2018-இல் வந்த மனுக்கள் போகப் போகத் திசை மாறி, வாட்ஸ்ஆப் செய்தியை முதலில் அனுப்பியவரைக் கண்டறிய முடியுமா என்பதில் நின்றன. சென்னை ஐஐடியின் வி. காமகோடி, ஒவ்வொரு செய்தியிலும் மூல அனுப்புநரின் அடையாளத்தைச் சேர்க்கலாம் என்று 2019-இல் யோசனை தந்தார். மும்பை ஐஐடியின் மனோஜ் பிரபாகரன் அது பலிக்காது, அடையாளத்தைப் பொய்யாகவும் புகுத்தலாம் என்று மறுத்தார். வழக்கு அக்டோபரில் உச்ச நீதிமன்றத்துக்கு மாறியது. 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளில் மூல அனுப்புநரைச் சொல்ல வேண்டும் என்ற ஏற்பாடு நுழைந்தது. வாட்ஸ்ஆப் தில்லி உயர் நீதிமன்றம் போனது.

இந்த அவசரத்துக்குக் காரணம் இருந்தது. 2018-இல் வட தமிழகத்தில் பிள்ளை பிடிப்பவர்கள் சுற்றுவதாக வாட்ஸ்ஆப்பில் செய்திகள் பறந்தன. மே 9 அன்று திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூரில், குலதெய்வக் கோயிலுக்குப் போன குடும்பத்தை ஊர் மக்கள் சந்தேகப்பட்டு அடித்ததில் 65 வயது மூதாட்டி இறந்தார். அதே நாட்களில் பழவேற்காட்டில் இன்னோர் உயிர் போனது. அந்தக் காலத்தில் நாடு முழுக்கச் சுற்றிய வீடியோக்களில் ஒன்று கராச்சியில் குழந்தைப் பாதுகாப்புக்காக எடுத்த விழிப்புணர்வுப் படம். அதன் விளக்கப் பகுதியை வெட்டிவிட்டுப் பரப்பியிருந்தார்கள். அதே ஆண்டு ஜூலையில் இந்தியாவில் ஒரு செய்தியை ஐந்து உரையாடல்களுக்கு மேல் ஒரே தடவையில் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி வாட்ஸ்ஆப் கட்டுப்படுத்தியது.

மூன்றாண்டு கழித்து வதந்தி ஸ்ரீபெரும்புதூர் பக்கமே வந்தது. 2021 டிசம்பரில் ஐபோன் செய்யும் ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் தங்கியிருந்த பூந்தமல்லி விடுதியில் கெட்ட உணவால் பலர் நோயில் விழுந்தார்கள். 159 பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். சிலர் இறந்துவிட்டதாக வாட்ஸ்ஆப் குழுக்களில் செய்தி ஓடியது. யாரும் இறக்கவில்லை. ஆனால் இரவில் விடுதிக்குள் இருந்தவர்களுக்கு உண்மையைச் சொல்ல ஆளில்லை. டிசம்பர் 17 அன்று ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். வதந்தி பரப்பியதாக ஒரு யூடியூபர் கைதானார். ஆப்பிள் அந்த ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. ஜனவரி 12 அன்றுதான் ஆலை திறந்தது.

அந்த நாட்களில் பிடித்து வைக்கப்பட்ட பெண்களின் போன்களைப் போலீஸ் பறித்துக்கொண்டதாகத் தொழிலாளர்களும் சங்கத்தாரும் செய்தியாளர்களிடம் சொன்னார்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை என்று மாவட்டக் காவல் அதிகாரி மறுத்தார். யார் சொல்வது சரி என்று தீர்மானிக்கக் காகிதம் வேண்டும். எந்தப் போன், எந்த எண், எத்தனை மணிக்கு, யார் முன்னிலையில் என்று எழுதிய மகஜர் இருந்தால் பறித்ததும் தெரியும், பறிக்காததும் தெரியும். போனைப் படிப்பது பற்றிய சட்ட வரலாறு பெரும்பாலும் இந்தக் காகிதத்தின் வரலாறு.

அந்த வரலாறு நேராக நடக்கவில்லை. மின்னணுச் சான்றுக்கு 65பி சான்றிதழ் கட்டாயமில்லை என்று 2005-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கட்டாயம் என்று 2014-இல் அன்வர் வழக்கில் திருத்தியது. 2018-இல் சற்றுத் தளர்த்தியது. 2020 ஜூலையில் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் மறுபடி கட்டாயமாக்கியது. இடையில் மாட்டிக்கொண்ட விசாரணை அதிகாரிகள் பழைய கோப்புகளைத் திறந்து சான்றிதழ் தேடினார்கள். போனைத் திறக்கச் சொல்லி யாரையும் எந்த முறையும் இல்லாமல் வற்புறுத்த முடியாது, தேடுதல் வாரண்ட் வேண்டும் என்று 2021-இல் விரேந்திர கன்னா வழக்கில் கர்நாடக உயர் நீதிமன்றம் வழிமுறை வகுத்தது. கருவிகளின் மேலிருந்த கண்மூடி நம்பிக்கையும் அதே ஆண்டு ஆட்டம் கண்டது. சோதிக்கப்படும் போனில் ஒரு தந்திரக் கோப்பை வைத்தால் செலபிரைட் மென்பொருளின் அறிக்கையையே மாற்றிவிடலாம் என்று சிக்னல் செயலியின் நிறுவனர் மாக்ஸி மார்லின்ஸ்பைக் அறிவித்தார்.

தமிழ்நாட்டு நீதிமன்றங்களில் இந்தத் தொழில் எடை பெற்றதற்கு அண்மைய சாட்சி இரண்டு வழக்குகள். பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை வழக்கில், கைப்பற்றிய கருவிகளிலிருந்து மீட்ட அழிக்கப்பட்ட வீடியோக்கள் முக்கியச் சான்றாக நின்றன. 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை கொடுத்தது. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு மாணவிக்கு நேர்ந்த பாலியல் வன்கொடுமை வழக்கிலோ, போனில் இல்லாத ஒன்று பேசியது. குற்றவாளி யாரோ ஒரு ‘சார்’ உடன் பேசியதாக மாணவி சொல்லியிருந்தார். அந்த ‘சார்’ யார் என்று மாநிலமே கேட்டது. அந்த நேரத்தில் போன் ஃப்ளைட் மோடில் இருந்தது, மாணவியை மிரட்ட ஆள் இருப்பதுபோல் நடித்தான் என்பதைத் தொலைபேசிப் பதிவும் ஆய்வும் காட்டின. ஐந்தே மாதங்களில் தீர்ப்பு வந்தது.

2024 ஜூலை 1 முதல் பழைய சாட்சியச் சட்டத்தின் இடத்தில் பாரதிய சாக்ஷ்ய அதிநியம் இருக்கிறது. 65பி போய் 63-ஆம் பிரிவு வந்தது. கூடவே, சட்டத்தின் அட்டவணையில் சான்றிதழுக்கு அச்சிட்ட படிவமும் வந்தது. ‘அ’ பகுதியைச் சான்று தருபவர் நிரப்ப வேண்டும், ‘ஆ’ பகுதியை வல்லுநர். எந்த வகைக் கருவி என்று கட்டத்தில் குறியிட வேண்டும். ஹாஷ் மதிப்பை எழுதி, எந்த முறையில் கணக்கிட்டது என்றும் சொல்ல வேண்டும். ஒரு எழுத்து மாறினாலும் ஹாஷ் மாறிவிடும். மயிலாப்பூரில் படித்ததும் நீதிமன்றத்தில் வைத்ததும் ஒன்றுதானா என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும்.

அதே படிவத்தில், தயாரிப்பு, மாடல், நிறம், வரிசை எண் என்று கேட்டுக்கொண்டே போகும் வரியில் ஐஎம்இஐ எண்ணுக்கும் இடம் விட்டிருக்கிறார்கள். ஸ்ரீபெரும்புதூர் ஆலையின் கடைசி வரிசையில், தன் சொந்தப் போனை வாசலில் கொடுத்துவிட்டு வந்த ஒரு பெண் ஷிஃப்ட் முடிவதற்குள் ஆயிரமாவது தடவையாக ஸ்கேன் செய்து அனுப்பிய 15 இலக்கங்கள் அவை.